நெல்லைக் கிறிஸ்தவ வீடுகளில் அறிவியல் பாடம்

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் அறிவியல் படித்த இடம் மிஷனெரி குடியிருந்த பங்களாவின் வளாகம். பிள்ளைகள் அங்கேயே தங்கி, உண்டு, காலையிலும் மாலையிலும் குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்து, இடைப்பட்ட நேரத்தில் பாடம் படித்தார்கள். ஊர்மக்கள் மிஷனெரியை ‘ஐயர்’ என்று அழைத்தார்கள். ரேனியஸ் ஐயர், கால்டுவெல் ஐயர், போப் ஐயர் என்ற வழக்கு இன்றும் நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடிப் பக்கத்தில் உண்டு. என்ன படிக்க வேண்டும், எந்தப் புத்தகத்தில் படிக்க வேண்டும் என்பதை அந்த ஐயரே முடிவு செய்தார். கல்வித்துறையும் பொதுத்தேர்வும் அப்போது இல்லை. பல சமயங்களில் புத்தகமும் இல்லை. அவரே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் இன்றைய கிறிஸ்தவப் பெற்றோர் எதிர்கொள்ளும் கேள்விகள் எல்லாம் அந்த வளாகத்தில் ஏற்கெனவே எழுந்தவைதான். எந்த நூல், எந்த மொழி, விசுவாசத்துக்கும் இயற்கை அறிவுக்கும் என்ன உறவு, கண்ணால் காண வேண்டியதை எங்கே காட்டுவது?

இந்த வழக்கத்தின் வேர் தரங்கம்பாடியில் இருக்கிறது. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தோடு தொடர்புடையவர்கள். அங்கே பிராங்கே நிறுவிய பள்ளிகளில் வேதபாடத்தோடு பொருள்களை நேரில் காட்டிக் கற்பிக்கும் முறையும் இருந்தது. அபூர்வப் பொருள்களைச் சேர்த்து வைத்த காட்சி அறை அந்தப் படிப்பின் ஒரு பகுதி. அந்தப் பழக்கம் கடல் கடந்து வந்தது. 1771 முதல் தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் சோழமண்டலக் கரையின் மீன்களையும் சங்கு சிப்பிகளையும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். அவருடைய சகா ரோட்லர் தாவரங்களைச் சேகரித்தார். தமிழ் அகராதி ஒன்றும் தொகுத்தார். ஜெபமும் அகராதியும் தாவரச் சேகரிப்பும் ஒரே மனிதரின் ஒரே நாளுக்குள் அடங்கியிருந்தன. பிற்காலத்தில் நெல்லை வளாகங்களுக்கு வந்து சேர்ந்தது இந்தக் கலவைதான்.

அதன் முதல் தமிழ்ப் பழம் நெல்லை மண்ணில் பிறந்தவர். வேதநாயக சாஸ்திரி 1774இல் திருநெல்வேலியில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது மிஷனெரி ஷ்வார்ட்ஸ் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். வேதத்தோடு வானியல், பூகோளம், உடற்கூறு ஆகியவற்றையும் கற்ற சாஸ்திரி, பின்னர் தஞ்சை மிஷன் பள்ளியில் ஆசிரியரானார். 1800ஐ ஒட்டி அவர் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’ நூலில் குறத்தி நாடுகளையும் ஆறுகளையும் மலைகளையும் அடுக்கிச் சொல்லும் மரபுப் பகுதி உலகப் பூகோளமாகவே விரிகிறது. சூரியனைக் கிரகங்கள் சுற்றிவரும் புதிய வானியலும் அதில் இடம்பெறுகிறது. அதே ஷ்வார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்த தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியும் மராத்தியில் ‘தேவேந்திர குறவஞ்சி’ என்ற பூகோள நாடகத்தை எழுதினார். வசனப் பாடநூல் என்ற ஒன்று தமிழில் ஊன்றுவதற்கு முன்பே, ஊர் அறிந்த பாட்டும் கூத்துமான வடிவத்தில் அறிவியலைக் கொண்டுவந்தது பெரிய சாதனை. அந்த வழியைப் பின்னால் வந்தவர்கள் தொடராமல் போனது பெரிய இழப்பு.

தாமிரபரணியின் கீழ்க்கரையிலுள்ள பாளையங்கோட்டையில் 1816இல் இராணுவக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹோ சில பள்ளிகளைத் தொடங்கி, சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனெரி சங்கத்திடம் ஆள் கேட்டார். 1820இல் ரேனியஸ் வந்தார். பெர்ன்ஹார்ட் ஷ்மித் தொடர்ந்து வந்தார். இருவரும் ஜெர்மானியர். ஷ்மித் தாவரங்களில் ஈடுபாடு கொண்டவர். பிற்பாடு நீலகிரியில் அவர் சேகரித்த செடிகளை யேனா பல்கலைக்கழகத்துச் செங்கர் ஆராய்ந்து 1830களில் நூலாக வெளியிட்டார். ரேனியஸின் ஈடுபாடு மொழியில் இருந்தது. தமிழில் புழங்கும் உரைநடையை எழுதிப் பழகிய அவர் 1832இல் ‘பூமி சாஸ்திரம்’ என்ற நூலை வெளியிட்டார். தமிழில் அச்சான தொடக்ககால அறிவியல் நூல்களில் முதல் இடத்தில் வைத்துப் பேசப்படுவது இதுதான். ஆங்கிலத்தில் உள்ள நூலைக் கொடுத்துப் பிள்ளைகளைத் தடுமாற விடாமல், அவர்கள் மொழியில் எழுதிக் கொடுப்பதே ஆசிரியரின் வேலை என்று அவர் கருதியதற்கு அந்த நூலே சாட்சி. சபைக் கொள்கை பற்றிய தகராறில் 1835இல் சி.எம்.எஸ். அவரை விலக்கியது. 1838இல் பாளையங்கோட்டையிலேயே காலமானார்.

பூகோளத்துக்கும் வானியலுக்கும் மிஷனெரிகள் இவ்வளவு முக்கியத்துவம் கொடுத்ததற்கு அறிவார்வம் மட்டும் காரணமன்று. ஏழு கடலும் மேருமலையும் கொண்ட புராண உலகப் படம் பொய் என்று பிள்ளைகள் உணர்ந்தால் புராணங்களின் மீதான நம்பிக்கையும் தளரும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். இதை மறைத்து எழுதினால் வரலாறு குறைப்பட்டுப்போகும். யாழ்ப்பாணத்தில் இது வெளிப்படையாகவே நடந்தது. 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியின் தலைவர் டேனியல் பூர், 1829 மார்ச்சில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கக்காரர் கணித்ததில் பிழை உண்டு என்று முன்கூட்டியே அறிவித்தார். கிரகண இரவில் பலர் கூடிப் பார்த்தார்கள். பூரின் கணக்கு சரியாக வந்தது. பஞ்சாங்கக்காரர்கள் நூற்றாண்டுகளாகக் கிரகணத்தைக் கணித்து வந்தவர்கள் என்பதையும், அன்று மாறுபட்டது நேரமும் அளவும்தான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மிஷன் பிரசாரம் அந்த இரண்டாவது பாதியை அவ்வளவாகச் சொல்லவில்லை.

ஆனால் யாழ்ப்பாணம் நெல்லையைவிட ஒரு படி மேலே போனது. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் பட்டணம் போய்விடுகிறார்கள், கிராமத்துக்கு வைத்தியர் மிஞ்சுவதில்லை என்று கண்ட அவர், 1864 முதல் மருத்துவப் பாடத்தைத் தமிழிலேயே நடத்தினார். கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று வந்தது. 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற வேதியியல் நூல் வந்தது. மாணவர்களும் பண்டிதர்களும் கூட உட்கார்ந்து மொழிபெயர்த்த நூல்கள் இவை. அறிவியல் சொற்களைத் தமிழில் எப்படி அமைப்பது என்று கிரீன் வகுத்த நெறிகளைப் பிற்காலக் கலைச்சொல்லாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெல்லைக் கிறிஸ்தவத்துக்கு இப்படி ஒரு கிரீன் வாய்க்கவில்லை.

வாய்த்தவர்கள் மொழி அறிஞர்கள். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும் திருநெல்வேலி வரலாற்றையும் எழுதினார். கொற்கையில் அகழ்ந்து பார்த்தார். அவர் மனைவி எலைசா, நாகர்கோவில் மிஷனெரி மால்ட்டின் மகள். இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்கு போர்டிங் பள்ளி நடத்தி, தையலும் லேஸ் பின்னலும் கற்பித்தார். சாயர்புரத்தில் 1842 முதல் போப் நடத்திய செமினரி கடுமையான ஒழுக்கத்துக்கும் லத்தீன், கிரேக்கப் படிப்புக்கும் பேர்போனது. தேரிக்காட்டுப் பனையேறிகளின் பிள்ளைகள் கிரேக்க வினைச்சொல்லை மனப்பாடம் செய்தார்கள். அது அவர்களில் சிலரை நல்ல குருமாராகவும் ஆசிரியர்களாகவும் ஆக்கியது உண்மை. இயற்கையைப் படிக்க அது உதவியது என்று சொல்ல இடமில்லை.

அந்தப் பிள்ளைகளின் வீட்டு வாசலில் நின்ற அறிவியலைப் பார்த்தால் இந்தக் குறை நன்றாகத் தெரியும். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அலகுப்பனை, பருவப்பனை என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அடையாளம் தெரியும். பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதனீர்; தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரம் நுரைமங்களைப் பெருக விடாமல் தடுப்பதால் சர்க்கரை சாராயமாக மாறுவதில்லை. விடிந்ததும் இறக்கிய பதனீரை அகன்ற சட்டியில் ஊற்றி, பனையோலையையும் மட்டையையும் எரித்துக் காய்ச்சுவார்கள். பொங்கும் நுரை அடங்கி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. நொதித்தல், காரம், ஆவியாதல், உறைதல் என்ற நான்கு பாடங்கள் ஒரு காலைப் பொழுதில் அம்மாவின் அடுப்படியில் நடந்து முடிந்துவிடும். மதுவிலக்கை வற்புறுத்திய சபைக்கு அந்தச் சுண்ணாம்பு ஒழுக்கச் சாதனமாகவும் இருந்தது. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பாடத்திட்டம் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

1854ஆம் ஆண்டு உட்டின் கல்வி அறிக்கை நிலைமையை அடியோடு மாற்றியது. அரசு நிர்ணயித்த பாடத்தை நடத்தும் பள்ளிகளுக்கு, மதச்சார்புள்ளவை ஆனாலும், மானியம் கிடைத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. மெட்ரிக்குலேஷன் தேர்வு வந்தது. கிறிஸ்தவப் பாடநூல்களை மலிவாக அச்சிட 1858இல் தொடங்கிய சங்கம் ஒன்றின் பொறுப்பாளர் ஜான் மர்டாக், தமிழில் என்னென்ன புத்தகம் அச்சாகியிருக்கிறது என்று துறைவாரியாகத் தொகுத்து 1865இல் பட்டியல் வெளியிட்டார். பாடநூல் தேர்வு செய்பவருக்குக் கிடைத்த முதல் பெரிய வழிகாட்டி அது. ஆனால் தேர்வு செய்யும் உரிமை அப்போதே கைமாறத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் பரீட்சையில் தேறினால்தான் மானியம் என்றானபோது, பரீட்சைக்கு வராத பாடம் மெல்ல உதிர்ந்தது. உயர்வகுப்பில் அறிவியல் ஆங்கிலத்துக்குப் போனது. பாளையங்கோட்டையில் 1878இல் சி.எம்.எஸ். கல்லூரியும் (இன்றைய தூய யோவான் கல்லூரி), 1895இல் பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரியும், 1923இல் சேசுசபையின் தூய சவேரியார் கல்லூரியும் எழுந்தன. அவற்றால் வந்த நன்மை அளவிட முடியாதது. பெண்களுக்குக் கல்லூரி வாசல் திறந்தது மட்டுமே போதும், அந்த முயற்சிகளை நன்றியோடு நினைக்க. இருந்தாலும் ரேனியஸ் தமிழில் எழுதத் தொடங்கிய பாதை அங்கே தொடரவில்லை.

பரீட்சைக்கு வெளியே நின்ற சில முயற்சிகளில் கைவேலை மூலம் கற்கும் அறிவு உயிரோடு இருந்தது. 1877 பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளுக்காக நாசரேத்தில் மர்காசியஸ் ஐயர் விடுதி தொடங்கி, 1878இல் தொழிற்பள்ளி வைத்தார். அவர் மருத்துவமும் படித்தவர். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் 1897இல் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சொல்லைக் கொண்டு விளக்க முடியாத வகுப்பில் பொருளைத்தான் காட்ட வேண்டும். ஹாலேயின் பழைய முறை அங்கே கட்டாயமாகவே ஆயிற்று.

வீட்டுக் கல்வி என்ற பெயருக்கு உண்மையில் மிக நெருங்கி வருவது தோனாவூர். களக்காட்டு மலையடியில், ரேனியஸ் காலத்தில் டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் நன்கொடையால் உருவான கிராமம் அது. 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், 1901 முதல் இங்கே தங்கி, கோயில்களுக்கு ஒப்புக்கொடுக்கப்படும் அபாயத்திலிருந்த பெண்குழந்தைகளை வளர்த்தார். 1918 முதல் ஆண்குழந்தைகளும் சேர்ந்தார்கள். 1927இல் தோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவானது. அநாதை இல்லம் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. குடும்பம் என்றே சொன்னார். ஏமி எல்லோருக்கும் அம்மா. வெளிநாட்டிலிருந்து வந்த சகோதரிகள் சித்தி, தமிழ்ச் சகோதரிகள் அக்கா, ஆண்கள் அண்ணாச்சி. அண்ணாச்சி என்ற நெல்லை அழைப்பை அங்கே பணியாற்றிய ஓர் இங்கிலாந்து மருத்துவருக்குச் சூட்டிய வளாகம் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

அந்தக் குடும்பத்தின் கல்வி தனித்த போக்கு கொண்டது. உண்மையே படிப்பின் அடித்தளம் என்று ஏமி கருதியதால் தொடக்க ஆண்டுகளில் தேவதைக் கதைகளைக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பூச்சியின் வாழ்க்கையும் விதையின் பயணமும் அவற்றைவிட அதிசயமானவை, அவற்றைச் சொன்னால் போதும் என்பது அவர் எண்ணம். இயற்கைப் பாடம் அங்கே மணியடித்துத் தொடங்கும் பாடவேளைக்குள் அடங்கவில்லை. கோடையில் பிள்ளைகளை மலைமேல் காட்டு வீட்டுக்கு அழைத்துச் செல்வார்கள். ஓடையில் நீந்துவது, மரம் செடிகளின் பெயர் அறிவது, பறவையின் குரலைப் பிரித்துக் கேட்பது எல்லாம் அங்கே படிப்பு. 1920இல் ஏமி அந்தக் காட்டைப் பற்றித் தனி நூலே எழுதினார். தமிழில் பிள்ளைகள் படிக்கத்தக்க நூல் குறைவு என்பதால் ஆங்கிலமும் கற்பித்தார்கள். கதையை விலக்கியது மிகையான கட்டுப்பாடு என்று இன்றைய ஆசிரியர்கள் சொல்லக்கூடும். பிள்ளைக்குக் கற்பனையும் வேண்டும்தான். ஆனால் பரீட்சைக்காகவே பாடம் என்றிருந்த காலத்தில், பரீட்சையைப் பற்றிய பயமில்லாமல் ஒரு காட்டையே பாடநூலாக எடுத்துக்கொண்டது துணிச்சலான செயல். அந்த மலைத்தொடர் 1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயிற்று. சவேரியார் கல்லூரியின் அருட்தந்தை மாணிக்கம் தம் சகாவோடு மேற்குத்தொடர்ச்சி மலையின் பெரணிகளைத் தொகுத்து 1992இல் நூலாக்கியபோது, மலையையே ஆய்வுக்கூடமாகக் கொள்ளும் வழக்கம் ஆராய்ச்சி நிலையில் தொடர்ந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் சார்லட் மேசன் (1842–1923) வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு முறையை வகுத்தார். சுருக்கிய பாடநூலுக்குப் பதிலாக உயிர்ப்புள்ள நூல்கள், தினமும் வெளியில் சில மணிநேரம், கண்டதை வரைந்து எழுதும் இயற்கைக் குறிப்பேடு என்பவை அதன் தூண்கள். இன்று உலகெங்கும் கிறிஸ்தவ வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பல அவரைப் பின்பற்றுகின்றன. தோனாவூரில் நடந்ததும் இதற்கு வெகு அருகில் இருந்தது.

தமிழில் அறிவியல் என்ற பழைய கேள்வியை நெல்லையில் மறுபடி எடுத்தவர்கள் சபைக்கு வெளியே இருந்தார்கள். 1934இல் இங்கே தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பால் 1938இல் கலைச்சொல் தொகுதி வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியலைத் தமிழில் நடத்த அது கைகொடுத்தது. ரேனியஸ் எழுதத் தொடங்கிய ஊரிலேயே அந்த வேலை மீண்டது பொருத்தமானது. மிஷன் பள்ளி ஆசிரியர்களும் அதன் பயனைப் பெற்றார்கள்.

இதற்கிடையே நெல்லையிலிருந்து ஊழியத்துக்கு வெளியூர் போகும் குடும்பங்கள் பெருகின. 1903இல் பாளையங்கோட்டையில் வேதநாயகம் அசரியா முதலானோர் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியது; பிறகு வட இந்தியக் காடுகளுக்கும் பலர் போனார்கள். பக்கத்தில் பள்ளியே இல்லாத ஊரில் பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது என்பது அவர்களுக்கு அன்றாடக் கவலை. தாயே கற்பிப்பது, அல்லது விடுதிக்கு அனுப்புவது என்ற இரண்டே வழி. மிஷனெரிப் பிள்ளைகளுக்காகத் தோனாவூரில் சந்தோஷ வித்யாலயா வந்தது இந்தத் தேவையால்தான்.

வீட்டில் கற்பிக்கும் கிறிஸ்தவப் பெற்றோரின் கைக்கு இப்போது முதலில் வருவது பெரும்பாலும் அமெரிக்கப் பாடத்தொகுதி. 1970களில் டெக்சாஸ், புளோரிடா மாநிலங்களில் தொடங்கிய பதிப்பகங்கள் படைப்பு நம்பிக்கையை மையமாக வைத்து முழு வகுப்புக்கும் புத்தகம் போட்டன. பூமியின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளாகக் கொள்ளும் போக்கு அவற்றில் பலவற்றில் உண்டு. 1961இல் விட்கோம், மோரிஸ் இருவரும் எழுதிய நூலுக்குப் பிறகு அமெரிக்காவில் பரவிய போக்கு அது. ஜானும் ரோட்லரும் தங்கள் காலத்து ஐரோப்பிய அறிவியலோடு தோளோடு தோள் நின்றவர்கள். அதிலிருந்து விலகித் தனி அறிவியல் அமைக்க அவர்கள் முயலவில்லை. விசுவாசத்தின் பேரால் தேர்வு செய்யும் பெற்றோர் தங்கள் சொந்தச் சபையின் இந்த வரலாற்றையும் கணக்கில் எடுப்பது நியாயம். நடைமுறைக் குறை இன்னொன்று: அந்தப் புத்தகங்களில் வருவது மேப்பிள் மரமும் பனிக்காலமும் ராபின் பறவையும். பனையும் வாடைக்காற்றும் மீன்கொத்தியும் அவற்றில் வருவதில்லை. ஒழுங்கான பாட வரிசையும் எளிய சோதனைகளும் உள்ள தொகுதிகள் அவற்றில் இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்பவர் உள்ளூர்ப் பொருளை இடையிடையே தாமே சேர்க்க வேண்டும்.

சேர்ப்பதற்கு நெல்லையில் குறைவில்லை. தாமிரபரணிக் கரையில் கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இயங்குகிறது. கூந்தன்குளத்தில் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வருகின்றன. 2011 முதல் ஆண்டுதோறும் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். பள்ளிப்பிள்ளையும் கூடப் போகலாம். பாபநாசத்தில் மலையை விட்டிறங்கும் ஆறு புன்னைக்காயலில் கடலில் சேர்வதற்குள் சோலைக்காடு, வயல், தேரி மணல், உப்பளம் என்று நிலம் மாறிக்கொண்டே போவதை ஒரே நாளில் காட்டிவிடலாம்.

சட்டம் இந்தக் குடும்பங்களுக்குத் தெளிவான இடம் தரவில்லை. 2009இன் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பள்ளிக் கல்வியை உரிமையாக்கியது; வீட்டுக் கல்வியைப் பற்றி அது தனியாக எதுவும் சொல்லவில்லை. 2010இன் சமச்சீர்க் கல்விச் சட்டத்துக்குப் பின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும், திருமண்டலப் பள்ளிகள் உட்பட, ஒரே அறிவியல் பாடம். வீட்டில் படிக்கும் பிள்ளை சான்றிதழ் பெற வழி இரண்டு. ஒன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை 14 வயதில் அங்கே எழுதலாம். மற்றொன்று மாநிலத் தேர்வுத்துறையின் தனித்தேர்வு: முதலில் எட்டாம் வகுப்பு, பிறகு பத்தாம் வகுப்பு. இந்த இரண்டாவது வழியில் அறிவியல் பாடத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு. தனித்தேர்வர் முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியின் ஆய்வகத்தில் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு வந்து, போதிய வருகைப் பதிவு பெற்றால்தான் தேர்வு எழுத அனுமதி.